மன்னிக்கப் போன லாண்டரிக்காரர்

விசுவாசத்தை ஞாயிற்றுக்கிழமையோடு மூட்டை கட்டி வைத்துவிடுகிற ஆள் அல்ல நம் லாண்டரிக்காரர். துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு பைபிள் வசனச் சீட்டு வைப்பார். அதையும் குருட்டாம்போக்கில் வைப்பதில்லை. கறையைப் பார்த்துத்தான் வைப்பார். ஒயின் சிந்திய சட்டைக்குக் குடியைப் பற்றிய வசனம். காலரில் உதட்டுச்சாயம் இருந்தால் அதற்கென்றே இழுப்பறையில் தனிக் கட்டு. இதனால் பல வாடிக்கையாளர்கள் மனந்திரும்பினார்கள் என்பது அவர் கருத்து. வேறு லாண்டரிக்குப் போய்விட்டார்கள் என்பது அவர் மனைவியின் கருத்து.

இத்தனை ஊழியம் செய்தவருக்கு ஐம்பத்து நான்கு வயதில் சபை மூப்பராகவேண்டும் என்று ஓர் ஆசை வந்தால் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. இடம் ஒன்று காலியாகவும் இருந்தது. திங்கட்கிழமை அங்கியைத் துவைக்கப் போட வந்த போதகரிடம் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நின்றது.

"உங்க பேர சொல்றதுல எனக்கு ஒண்ணும் தடையில்ல பிரதர். ஆனா பக்கத்துக் கடை சாவிக்காரரோட எட்டு வருஷமா நீங்க பேசறதில்லையே? ரெண்டு பேரும் ஒரே சபை. ஞாயித்துக்கிழமைக்குள்ள சமாதானம் ஆயிடுங்க, அன்னைக்கே அறிவிச்சிடறேன்."

லாண்டரிக்காரருக்குச் சுருக்கென்றது. குற்றம் செய்தது அவரா? எட்டு வருடத்துக்கு முன் ஆராதனையில் அவர் தனிப்பாட்டுப் பாடி உச்சத்தைத் தொட்ட நேரத்தில், கடைசி பெஞ்சில் சாவிக்காரர் சிரித்தார். அன்று விட்ட பேச்சுதான். ஆனாலும் மூப்பராகப் போகிறவர் பெரிய மனது பண்ணவேண்டாமா? மன்னிப்பது என்று முடிவு செய்தார். மன்னிப்பை முழுத்தாளில் எழுதி மனைவிக்கு வாசித்துக் காட்டினார். சம்பவம் நடந்த தேதி, பாட்டின் எந்த வரி, பார்த்தவர்கள் யார் யார் என்று ஒன்றும் விடுபடவில்லை.

"ஏங்க, மன்னிக்கப் போறீங்களா, கேஸ் போடப் போறீங்களா?" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை காலை, கஞ்சி போட்ட காலர் கழுத்தை அறுக்க, சாவிக்கடைக்குள் நுழைந்தார். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரே ஒரு ஜன்னல், சுவர் முழுக்கக் கொக்கிகளில் வெட்டாத சாவிகள்.

"நான் உங்கள மன்னிச்சுட்டேன்."

சாவிக்காரர் மெஷினை நிறுத்தினார். "எதுக்குண்ணே?"

தாள் முழுவதும் வாசிக்கப்பட்டது.

"நானா சிரிச்சேன்? சிரிச்சிருப்பேன், ஞாபகம் இல்லையே." அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். "வந்ததுதான் வந்தீங்க, கொஞ்சம் ஸ்டூல்ல உக்காருங்க. பதினொரு மணி ஆகட்டும்."

பதினொரு மணிக்கு லாண்டரியில் மனைவி பாய்லரின் ஆவியைத் திறந்துவிட்டாள். பக்கவாட்டுச் சுவரில் லாண்டரிக்காரர் பொருத்திவைத்த குழாய், சாவிக்கடையின் ஜன்னலைப் பார்த்துப் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. கடை மறைந்தது. சாவிக்காரர் மறைந்தார். லாண்டரிக்காரரின் காலர் வெந்த கீரையாய்த் தொங்கியது.

"தினம் நாலு வாட்டி," என்றது ஆவிக்குள்ளிருந்து குரல். "கண்ணாடி மூடிக்குது, வெட்டு தப்பிப் போகுது. போன மாசம் ஒரு டீச்சரம்மா என் சாவிய நம்பி மூணு மணி நேரம் அவங்க வீட்டு வாசல்லயே நின்னாங்க. உங்ககிட்ட மூணு தடவ வந்து சொன்னேன், நீங்க முகத்தத் திருப்பிக்கிட்டீங்க. காணிக்கை வைக்கறதுக்கு முன்னாடி, நமக்கு யார் மேல குறைன்னா பாக்கச் சொல்லியிருக்கு? நம்ம மேல யாருக்குக் குறைன்னுல்ல பாக்கச் சொல்லியிருக்கு?"

அந்த வசனத்தை லாண்டரிக்காரர் எத்தனையோ பேர் பைகளில் வைத்திருக்கிறார். தன் சட்டைகளை மட்டும் பை வைக்காமல் தைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றவேண்டும்; அதற்குப் பாய்லரை ஒரு நாள் அணைத்துவைக்கவேண்டும். வெல்டிங்காரருக்குச் சனிக்கிழமையை விட்டால் அடுத்த மாதம்தான் ஒழிவு. சனிக்கிழமையோ, சபையே ஞாயிற்றுக்கிழமை உடுத்தப்போகும் துணியைத் தேய்த்தாகவேண்டிய நாள். போதகரின் அங்கி உட்பட நாற்பது வீட்டு மூட்டைகள் கிடந்தன.

"இப்போதைக்குக் கை குடுத்துட்டு, குழாய அடுத்த மாசம் மாத்தித் தரேன்னு சொல்லிடவா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"சொல்லுங்க. அவரும் சரின்னுடுவாரு, நல்ல மனுஷன்."

"அதான் தொந்தரவே," என்றார் லாண்டரிக்காரர். வெல்டிங்காரருக்குப் போன் போட்டார்.

சனிக்கிழமை பாய்லர் குளிர்ந்து கிடந்தது. இருந்த கரண்டையெல்லாம் வெல்டிங் மெஷினே தின்றதால் கை இஸ்திரிக்கும் வழியில்லை. சாவிக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மூட்டைகள் ஒவ்வொன்றாகக் கசங்கலோடு வீடு போய்ச் சேர்ந்தன. திட்டு வாங்கும் பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை மொத்தமும் உடுத்திய துணியோடு படுத்து எழுந்து வந்ததுபோல் இருந்தது. பாடகர் குழு எழுந்து நின்றபோது, வடையின் எண்ணெயைப் பிழிந்தெடுத்த செய்தித்தாள்கள் வரிசையாக நிற்பதாகத் தோன்றியது. சுருட்டி எறிந்த கடிதம்போலிருந்த அங்கிக்குள்ளிருந்து போதகர் பொறுமையைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாதியில் முடித்துக்கொண்டார்.

அறிவிப்புக்கு முன் அவர் லாண்டரிக்காரரை ஓரமாக அழைத்தார். "சமாதானம் ஆயிட்டீங்களா பிரதர்?"

"ஆயிட்டோம் ஐயா."

"ரொம்ப சந்தோஷம். ஆனா இப்ப நாப்பது குடும்பத்துக்கு உங்க மேல குறை. அத எப்ப தீர்க்கறது?"

மூப்பர் பதவி இன்சூரன்ஸ்காரருக்குப் போனது. தேய்க்காமலே மடிப்புக் கலையாத பாலியெஸ்டர் சட்டை போடுகிறவர்; சபையில் அன்று அவர் ஒருவர்தான் நிமிர்ந்து நின்றார்.

லாண்டரிக்காரர் முன் வரிசைக்குத் திரும்பினார். அவர் உட்காரும் இடத்தில் ஒரு கைப்பை வைக்கப்பட்டிருந்தது. அதன் சொந்தக்காரி கசங்கிய முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவர் நடுவழியில் நின்றார். ஒரு நாற்பது முதுகுகளைத் தாண்டி, கடைசி பெஞ்சில் சாவிக்காரர் ஒரு ஆள் அகலத்துக்கு நகர்ந்து உட்காருவது தெரிந்தது.

"வாங்கண்ணே. இங்க காத்து நல்லா வரும்."