யாழ்ப்பாணத்து ஒஸ்கெல்பிகள்

இவோன் ஒஸ்கெல்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவதற்கு உலகத்தில் இரண்டே காரணங்கள். கார் ஓடப் படிக்க வந்த பிள்ளை கண்ணாடியைப் பார்க்காமல் லேன் மாறுவது ஒன்று. மற்றது, முதல் நாள் பாடத்துக்குப் போய்க் கதவு மணியை அடித்ததும், திறக்கிறவர்கள் அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிக் காரைப் பார்ப்பது. காரின் கூரையில் ‘ஒஸ்கெல்பி டிரைவிங் ஸ்கூல்’ என்று பெரிய எழுத்தில் பலகை நிற்கும். பலகைக்குப் பொருத்தமான ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி இன்னும் காருக்குள் இருந்து இறங்கவில்லையே என்று அவர்கள் தேடுவார்கள்.

“மிஸஸ் ஒஸ்கெல்பி வரவில்லையா?”

“நான்தான்.”

“ஓ. கணவர் ஆங்கிலேயரோ?”

கணவர் ஜெயரட்ணம் அச்சு அசல் சாவகச்சேரிக்காரர். ஆனால் அதையெல்லாம் வாசற்படியில் நின்று எத்தனை பேருக்கு விளக்குவது? தொண்ணூற்று நாலாம் ஆண்டளவில் இவோனுக்கு அலுத்தே போய்விட்டது. தன்னுடைய பெயரை யாரோ துவைத்துக் காயப்போட்ட கொடியில் இருந்து களவெடுத்து உடுத்திக்கொண்டு திரிகிறவள் மாதிரி ஒரு கூச்சம் அவளுக்கு வரத் தொடங்கியிருந்தது. அந்தக் கூச்சத்தின் மேல்தான் அவளுக்கு மெய்யான கோபம்.

ஏனென்றால் அது களவெடுத்த பெயரல்ல. யாழ்ப்பாணத்தில் சுண்டிக்குளிப் பக்கத்தில் மிஷன் விடுதிப் பள்ளிக்கூடம் நடந்த காலத்தில், சீமையில் இருக்கும் யாராவது ஒருவர் ஒரு பிள்ளையின் சாப்பாட்டையும் படிப்பையும் பொறுப்பெடுப்பார். பொறுப்பெடுத்தவர் சொல்லும் பெயரைத்தான் ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு வைப்பார்கள். இவோனுடைய பூட்டனைப் பொறுப்பெடுத்தவர் ஆன் என்கிற கல்யாணம் முடிக்காத ஒரு பெண். செத்துப்போன தன் தம்பியின் பெயரை அப்படியே முழுதாக வைக்கவேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தாராம். அன்று தொட்டு அந்த வீட்டுக்காரர்கள் ஒஸ்கெல்பியார். மீன் விற்கிறவன்கூட ஒஸ்கெல்பியார் வீட்டுப் படலை என்றுதான் அடையாளம் சொல்லுவான். சண்டையில் அந்த வீடு தரைமட்டமாகி, ஆட்கள் நாலு திசைக்கும் சிதறிப் போனார்கள். பெயர் மட்டும் கூட வந்தது.

ஜெயரட்ணத்துக்கு அந்தப் பெயர் வந்தது அவருடைய சொந்தக் கெட்டித்தனத்தால். நியூசிலாந்து விசாவுக்கு எழுதிக் கொடுக்கும்போது குடும்பப் பெயர் என்னவென்று கேட்டிருந்தது. அவருக்கு இருந்ததோ ஒரு பெயர், முன்னால் தகப்பனுடைய ஒரு எழுத்து. நன்றாக யோசித்தார். கல்யாணம் முடித்த நாள் முதல் பெண்சாதியின் சீதன வீட்டில்தான் இருக்கிறார், அந்த வீட்டுக்கு ஊரறிந்த பெயர் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டு வேறு எதைக் குடும்பப் பெயர் என்று சொல்லுவது? ஒஸ்கெல்பி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஓக்லாந்தில் வந்து இறங்கிய பிறகுதான் இவோனுக்குத் தெரியும். தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இல்லாமலும் இல்லை.

தொண்ணூற்று நாலு மார்ச் மாதம் ஒரு நாள், ஓக்லாந்தின் ஹென்டர்சனில் கடைத்தொகுதிக்குப் பின்னால் இருந்த கார்த் தரிப்பிடத்தில் லக்ஷ்மிப்ரியாவுக்கு ரிவேர்ஸ் எடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். லக்ஷ்மிப்ரியா கோயம்புத்தூரில் இருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பெண். ஸ்டியரிங்கைப் பிடித்தால் உயிர் போனாலும் விடமாட்டாள்.

“அக்கா, பின்னாடி ஒரு பாட்டி நிக்கிறாங்க. அசையவே மாட்டேங்கிறாங்க.”

“பிரேக்கைப் பிடி பிள்ளை. அவ நகரட்டும்.”

பாட்டி நகரவில்லை. நேரே வந்து இவோன் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். எண்பதுக்குக் கிட்டிய வயது, கையில் சந்தைப் பை, கண்கள் இரண்டும் கூரைப் பலகையில்.

“இந்தப் பெயர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “ஏனென்றால் இது என்னுடைய பெயர். நான் டோரதி ஒஸ்கெல்பி. இந்த நாட்டில் உள்ள அத்தனை ஒஸ்கெல்பிகளையும் எனக்குத் தெரியும்.”

இவோனுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. காரை விட்டு இறங்கி, சுண்டிக்குளி தொடக்கம் பூட்டன் வரை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். “செத்த தம்பியின் பெயரை வையுங்கள் என்று நாங்கள் போய்க் கேட்கவில்லை. அந்த ஆன் அம்மாதான் எங்களிடம் கேட்டார்” என்று முடித்தாள். கிழவி ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுடைய தொலைபேசி எண்ணைப் பலகையில் இருந்து எழுதிக்கொண்டு போய்விட்டார்.

“அக்கா, போலீஸ்ல சொல்லிடுவாங்களா?” என்று லக்ஷ்மிப்ரியா கேட்டாள்.

“சொல்லட்டும். நீ கிளச்சை விடு, மெல்ல.”

அடுத்த வாரம் அழைப்பு வந்தது. போலீசில் இருந்தல்ல, டோரதியிடம் இருந்து. தேநீருக்கு வரச் சொன்னார். சண்டை என்றால் சண்டை என்றுதான் இவோன் போனாள், துணைக்கு ஜெயரட்ணத்தையும் இழுத்துக்கொண்டு.

டோரதியின் வரவேற்பறைச் சுவர் முழுக்க ஓர் உலக வரைபடம். அதில் குத்தூசிகள். நூலகத்தில் உலகத்துத் தொலைபேசிப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி ஓர் ஒஸ்கெல்பி விடாமல் பொறுக்கிக் குத்தியிருந்தார். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சிறு கொத்து. அதற்கு மேலே ஒரு துறைமுகப் பட்டினத்தில் சில. கனடாவில் ஒரு பிடி, தஸ்மேனியாவில் இரண்டு மூன்று, பிறகு ஓக்லாந்து. உலகத்து ஒஸ்கெல்பிகள் எல்லாரையும் ஏற்ற இரண்டு பஸ் போதும் என்றார்.

“ஊரிலே எத்தனை பேர்?” என்று ஜெயரட்ணம் கேட்டார்.

“ஒஸ்கெல்பியிலா? ஒருவருமில்லை. அது ஒரு குக்கிராமமாக இருந்தது. இப்போது வெறும் பீட்ரூட் தோட்டம். வேலை தேடி வெளிக்கிட்டவர்களை, போன இடத்தில் ஒஸ்கெல்பிக்காரன் என்று கூப்பிட்டார்கள். தச்சனும் ஒஸ்கெல்பி, இடையனும் ஒஸ்கெல்பி. ஒருவருக்கொருவர் உறவே இல்லாமல் இருந்திருப்பார்கள். யாருக்குத் தெரியும்?”

ஜெயரட்ணம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப நான் எழுதினது சரிதானே இவோன். இருந்த இடத்தின்ர பேர்.”

இவோன் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, டோரதி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஒக்டோபரில் லேபர் வீக்கெண்டு விடுமுறைக்கு ஒஸ்கெல்பிகள் எல்லாரும் ஓக்லாந்திலேயே பக்குரங்காவில் கூடுகிறார்கள், நீங்களும் வரவேண்டும் என்றார். இவோன் சுவரைக் காட்டினாள்.

“அதில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஊசி குத்துவீர்களா?”

“குத்துவேன். ஆனால் வரைபடம் எங்கள் குடும்பச் சங்கத்துடையது, தலைவர் கிளைவ் சம்மதிக்கவேண்டும்.”

கிளைவ் ஒஸ்கெல்பி சம்மதிக்கவில்லை. தொலைபேசியில் மிக மரியாதையாகத்தான் கதைத்தார். உங்கள் கதை மிகவும் சுவாரசியமானது, நீங்கள் தாராளமாக வரலாம், விருந்தினராக. கிளை என்று சேர்ப்பதற்கு இரத்த உறவு வேண்டும், அது விதி. ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு நிற ரிப்பன் உண்டு, விருந்தினருக்கு வெள்ளை.

ரிசீவரை வைத்த இவோனுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகைதான், ஆனாலும் அழுகை. வீடும் இல்லை, ஊருக்குத் திரும்பும் வழியும் இல்லை, கடைசியில் இந்தப் பெயரையும் வாசலில் வைத்துப் பறிக்கப் பார்க்கிறார்களே என்று நெஞ்சு எரிந்தது. மகள் பிரியந்தி, வேண்டாமென்றால் போகாமல் விடலாமே அம்மா, பெயரைக்கூட மாற்றலாமே என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவ்வளவுதான்.

“மாத்திறதோ? ஆற்ற பேரை ஆர் மாத்திறது? போறம். எல்லாரும் போறம்.”

எல்லாரும் என்றால் எல்லாரும். ஒடாஹுஹுவில் இருந்த ஒன்றுவிட்ட தம்பி சில்வெஸ்ரரை முதலில் பிடித்தாள்.

“அக்கா, வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு பின்வரிசையில இருக்கவோ? எனக்கென்ன விசரோ?”

“பின்வரிசைதான். ஆனால் பின்வரிசை நிறைய ஆள் இருக்கவேணும். ஓமெண்டு சொல்லு.”

சில்வெஸ்ரர் ஓம் என்றான். அவன் வெலிங்டனுக்குச் சொல்ல, வெலிங்டன் சிட்னிக்குச் சொன்னது. எங்கள் ஆட்களுக்கு ஒரு கூட்டம் என்று காதில் விழவேண்டியதுதான், மாமி, மச்சான், மச்சானின் தாய் என்று வெளிக்கிட்டுவிடுவார்கள். ஒக்டோபரில் கூட்டத்தன்று காலை பக்குரங்கா மண்டப வாசலில் வான்கள் வந்து நிற்க, சேலைகளும் கோட்டுகளும் கைக்குழந்தைகளும் இறங்க இறங்க, வெள்ளை ரிப்பன் முடிந்துபோய் ஆளனுப்பிக் கடையில் வாங்குவித்தார்கள். கடைசி மூன்று வரிசையும் நிரம்பி, மிச்சப் பேர் சுவரோரம் நின்றார்கள்.

கிளைவ் மேடையில் பெயரின் வரலாற்றைச் சொன்னார். நன்றாகச் சொன்னார், குறை சொல்லமுடியாது. குக்கிராமத்தை, வெளிக்கிட்ட தச்சனை, இடையனை, உறவில்லாதவர்கள் ஒரே பெயரை எடுத்துக்கொண்ட விதத்தை எல்லாம் சொன்னார். பிறகு டோரதி எழுந்து, கப்பலேறிய அண்ணன் தம்பிமாரின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட அந்தந்தக் கிளைக்காரர் எழுந்து நிற்க, மற்றவர்கள் கைதட்டினார்கள். பச்சை ரிப்பன், நீல ரிப்பன், சிவப்பு ரிப்பன். எல்லாம் முடிந்த பிறகும் டோரதி உட்காரவில்லை.

“இன்னொரு பெயர் இருக்கிறது. எல்லாருக்கும் இளையவன், தாமஸ் ஒஸ்கெல்பி. பதினொரு வயதில் காய்ச்சலில் செத்தான். வளர்த்த அக்கா ஆன், அவனோடு பெயர் போகக்கூடாது என்று எங்கேயோ கடல் கடந்த ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுத்ததாக எங்கள் வீட்டில் ஒரு கதை. யாரும் நம்பவில்லை. கூடுகிற ஒவ்வொரு முறையும் அவனுடைய பெயரைக் கூப்பிடுவோம், ஒருவரும் எழும்பமாட்டார்கள், ஒரு நிமிடம் பேசாமல் நிற்போம். இன்றைக்கும் கூப்பிடுகிறேன். தாமஸ் ஒஸ்கெல்பியின் கிளை.”

அது இவோனுடைய பூட்டனின் பெயர். கார்த் தரிப்பிடத்தில் கிழவி வாயடைத்து நின்றது ஏனென்று அப்போதுதான் உறைத்தது. எழும்பினாள். பக்கத்தில் ஜெயரட்ணம் எழும்பினார். சில்வெஸ்ரர் எழும்பினான், பிரியந்தி எழும்பினாள், கதிரைகள் கரகரக்க மூன்று வரிசையும் எழும்பியது.

“இருக்கிறோம்” என்றாள் இவோன்.

கிளைவ் தொண்டையைச் செருமிக்கொண்டு, மன்னிக்கவேண்டும், மனசைத் தொடுகிறதுதான், ஆனால் இரத்தம் என்று ஒன்று இருக்கிறதே என்றார்.

“ஐயா,” என்றாள் இவோன். “தச்சனிடமும் இடையனிடமும் யார் இரத்தம் கேட்டது? நீங்கள்தானே இப்போது சொன்னீர்கள். அவர்கள் ஓர் ஊரில் இருந்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்த தம்பியின் பெயரை ஒருத்தி கையில் எடுத்துக் கொடுத்தாள், இதைச் சாகவிடாதே என்று. நாங்கள் விடவில்லை. குண்டு விழுந்தபோதும் விடவில்லை. வெள்ளை ரிப்பனோடு நான் இனி உட்காரமாட்டேன்.”

முதலில் கைதட்டியது தஸ்மேனியாவில் இருந்து வந்த சிவப்பு ரிப்பன் கிழவர் ஒருவர். அடுத்து கனடாக்காரர். பிறகு யார் யாரென்று தெரியாமல் மண்டபமே அதிர்ந்தது. கிளைவ் நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். மேடையை விட்டு இறங்கி வந்து, டோரதி வீட்டில் இருந்து கொண்டுவந்து மாட்டியிருந்த வரைபடத்தடியில் இருந்த குத்தூசிப் பெட்டியை இவோனிடம் நீட்டினார்.

“எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. நீங்களே குத்துங்கள்.”

குத்தினாள். பிரியந்திதான் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் வடக்கே அம்மா என்று காட்டினாள். எந்த மொழியில் சொன்னாள் தெரியுமோ? தமிழில்.

மத்தியானம் புல்வெளியில் கிளை கிளையாகப் படம் எடுத்தார்கள். பச்சைக் கிளை ஒரு வரிசையில் முடிந்தது, நீலத்துக்கு ஒன்றரை. கடைசியாகத் தாமஸ் கிளையைக் கூப்பிட்டதும் சனம் வந்துகொண்டே இருந்தது. படம் பிடிக்கிற பெடியன் பின்னுக்குப் போனான், இன்னும் போனான், பூமரத்துக்குள்ளேயும் போனான். ஆட்கள் அடங்கவில்லை. நடுவில் இருத்துவதற்கு இவோன் டோரதியைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள். கிழவி உட்கார்ந்து, திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மடியில் யாரோ ஒரு கைக்குழந்தையை வைத்தார்கள்.

“பதினொரு வயதுப் பிள்ளை,” என்றார் டோரதி. “எங்கள் எல்லாரிலும் அவனுக்குத்தான் பெரிய குடும்பம்.”