நான் அழித்த லாம்போர்ன் ஆறு

இங்கிலாந்தில் ஓடும் லாம்போர்ன் ஆற்றின் மேல்பகுதியை பல ஆயிரம் மைல் தள்ளி எங்கள் ஊர் பிரிக்ஃபீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு அழித்தவள் நான்.

வெள்ளம் வந்தால் எந்த வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்று பார்ப்பதற்காக, அங்குள்ள ஆறுகளை எங்கள் அலுவலகம் வரைந்து கொடுத்தது. விமானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் கோடு இழுப்பவர் ட்ரேசர். அதைச் சரிபார்ப்பவர் செக்கர். நான் செக்கர்.

லாம்போர்னை வரைந்தவர் பஷீர். சுங்கை வே பக்கம் வீடு, மூன்று பிள்ளைகள், வருட கான்ட்ராக்ட். லாம்போர்ன் கிராமத்திலிருந்து கிரேட் ஷெஃபோர்ட் வழியாக, நியூபரி பக்கம் கென்னெட் ஆற்றில் சேரும்வரை கோடு இழுத்திருந்தார். கென்னெட் அங்கிருந்து ரெடிங் போய் தேம்ஸில் விழுகிறது. படத்தில் கிரேட் ஷெஃபோர்டுக்கு மேலே முழுக்கப் புல். சொட்டுத் தண்ணீர் இல்லை. பழைய மேப்பைப் பார்த்து இழுத்துவிட்டார் என்று எனக்குக் கோபம்.

“அக்கா, நடுவுல பாலம் இருக்கு பாருங்க. புல்லுக்கு எவன் பாலம் கட்டுவான்?”

“செத்த ஆறு லா அது. அழிங்க.”

அழித்தார்.

இரண்டு வாரத்தில் இங்கிலாந்திலிருந்து ஈமெயில். ஆற்றின் மேல்பகுதி எங்கே, கரையில் வீடுகள் இருக்கின்றன என்று கேட்டிருந்தார்கள். மேனேஜர் சிவா சிஸ்டத்தைத் திறந்து பார்த்தார். அதில் அழித்தவர் பெயர்தான் இருக்கும். அழிக்கச் சொன்னவர் பெயர் இருக்காது. பஷீர் கான்ட்ராக்டை இந்த மாதத்தோடு முடித்துவிடலாம் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம்தான் சரி என்று காட்டத் தேட ஆரம்பித்தேன்.

நான் பார்த்தது செப்டம்பர் படம். பிப்ரவரி படத்தை எடுத்தால், அதே புல்வெளியின் நடுவே ஆறு பளபளவென்று ஓடுகிறது. அந்த ஆற்றைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். அங்கே தரைக்கடியில் சுண்ணாம்புப் பாறை. மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி ஊற்று திறந்தால்தான் மேல்பகுதி ஓடும், கோடையில் காய்ந்து, செப்டம்பரில் வெறும் புல்லாகக் கிடக்கும். இங்கே ஒரு மணி நேர மழைக்கே கிள்ளான் ஆறு ஏறிவிடுகிறது. பெய்த மழையை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்து வெளியே விடும் ஆறு ஒன்று உண்டென்று நான் நினைத்ததே இல்லை. வந்த வேலையை மறந்து இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சிவா அறைக்குப் போனேன்.

“அழிக்கச் சொன்னது நான்தான். அவரு வேணாம்னு சொன்னாரு.”

“அப்ப உங்கள செக்கரா வெச்சிருக்க முடியாது ஆன்டி.”

“எடுத்துடு பாஸ். அவர அனுப்பாத.”

என்னை ட்ரேசராக இறக்கினார்கள். பஷீர் செக்கர் ஆனார். நான் வரைந்த முதல் ஆற்றையே தப்பு என்று திருப்பி அனுப்பினார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் தப்புதான்.

செக்கராகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கீழே இருப்பவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். நான் அதைச் சொல்லாததால் ஒரு மனிதனின் வேலை போகப் பார்த்தது.