முப்பத்தெட்டாம் எண் கதவு

ஏவ்ரில் ஸ்டோக்கோ வாங்கியபோது அந்தக் காருக்குள் கோழிகள் குடியிருந்தன. பின்னிருக்கையில் ஒரு பெட்டை அடை காத்துக்கொண்டிருந்தது. அவள் பண்ணைக்குப் போனது முட்டை வாங்கத்தான். எச்சத்துக்கு அடியில் ஏதோ மினுங்கியதைப் பார்த்துக் கைக்குட்டையால் துடைத்தாள். வால்நட் மரம். முன்னிருக்கையின் முதுகில் மடித்து வைத்திருந்த சின்ன மேசை. இழுத்ததும் ஒரு முனகல்கூட இல்லாமல் விரிந்து அவள் முன்னால் நின்றது. இதன்மேல் யார் எதை வைத்துச் சாப்பிட்டிருப்பார்கள் என்று ஒரு கேள்வி மனதில் விழுந்தது. முட்டையை மறந்துவிட்டாள்.

"ஸ்பெயினுக்குப் போலாம்னு நான் சொன்னேன். நீ கோழிக்கூட்டை இழுத்துட்டு வந்திருக்க," என்றான் கணவன் ரே. தபால்காரன். ஊரில் எந்த வீட்டு நாய் எப்போது கடிக்கும் என்பதுவரை தெரிந்தவனுக்கு, மனைவி எப்போது எதை வாங்குவாள் என்பது மட்டும் தெரியாது.

ஐம்பதுகளில் வெல்பெக் என்ற இங்கிலாந்துக் கம்பெனி கையால் கட்டிய கார் அது. மேயர்களும் சுரங்க மேலாளர்களும் ஏறிய வண்டி. ஏவ்ரிலின் அப்பா அந்த மேலாளர்களுக்குக் கீழே, தரைக்கும் கீழே, கரி வெட்டியவர். சுரங்கம் மூடிப் பல வருடமாயிற்று. மேலாளர் குடியிருந்த பெரிய வீட்டில் இப்போது ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். கார் மட்டும் எப்படியோ கோழிகளிடம் வந்து சேர்ந்திருந்தது.

ஏவ்ரில் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். கால்சட்டைத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். தைத்து முடிந்த ஒரு கால்சட்டையைப் பிரித்துப் பார்த்ததற்காக அங்கே ஒருமுறை அவளை வெளியே அனுப்பப் பார்த்தார்கள். பையை எப்படி உள்ளே வைக்கிறார்கள் என்று பார்க்கத்தான் பிரித்தாளாம். மேற்பார்வையாளர் அதை நம்பவில்லை. ரே நம்பினான். அந்த வருடம்தான் கல்யாணம். பிறகு இரண்டு பிள்ளைகள், அவர்கள் வளர்ந்து நியூகாசிலுக்குப் போனார்கள், இவள் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனாள். ஊரே உண்ணும் பாத்திரங்களைக் கிளறிவிட்டு வீடு திரும்பியதும் கராஜுக்குள் போய்க் காரைக் கிளறுவாள்.

வெல்டிங் கற்றுக்கொள்ள மாலை வகுப்பில் சேர்ந்தபோது, "கேக் அலங்காரம் பக்கத்து அறைங்க," என்றார் வாத்தியார். "அது எனக்குத் தெரியும். தெரியாதத கத்துக்கத்தான் வந்திருக்கேன்," என்றாள்.

காரின் வயிற்றுப் பக்கம் பிஸ்கட்டாக நொறுங்கியிருந்தது. கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை ஓடும் அடிச்சட்டம்தான் உடம்பைத் தாங்குகிறது. இடப்பக்கத்து அடிச்சட்டத்தை முழுக்க வெட்டியெடுத்துவிட்டு, புதுத் தகட்டை வளைத்து, அங்குலம் அங்குலமாக ஒட்டினாள். நாலு குளிர்காலம் அதிலேயே போயிற்று. இடப்பக்கத்துப் பின்கதவின் கீழ்ப்பாதித் தகரமும் உதிர்ந்துவிட்டிருந்தது. அதற்கு மட்டும் ஒரு குறுக்குவழி கிடைத்தது. யார்க்‌ஷரில் ஒருவர் தன் ஷெட்டில் அதே மாடல் காரின் கதவு ஒன்றை, ஒரு துளி துருவில்லாமல், போர்வை சுற்றி வைத்திருந்தார். ஏவ்ரில் அதை வாங்கி வந்தாள். பழைய கதவை வீட்டுப் பின்னால் சந்தில் சாத்தினாள். சந்தில் வைத்தது எவருக்கும் ஆகும் என்பது அந்த ஊரின் எழுதாத சட்டம். மறுநாள் காலையில் கதவு அங்கே இல்லை.

புதுக்கதவு மூடவில்லை. மேலே முன்மூலை முட்டியது. கீழே பின்மூலை ஒரு விரல் கனத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கீலைத் தளர்த்தினாள், இறுக்கினாள், தோளால் தள்ளினாள். அது தன் இடம் இதுவல்ல என்பதுபோல நின்றது.

பழங்கார் கிளப்பிலிருந்து நெவில் வந்து பார்த்தான். நல்ல மனிதன், உதவி செய்கிறவன், ஆனால் கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருப்பவன். தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிச்சட்டத்தைப் பார்த்தான்.

"வளைஞ்சிருக்கு, ஏவ்ரில். வெல்டிங் சூட்டுல இழுத்துக்கிச்சு. புதுசா செய்யறவங்களுக்கு ஆகறதுதான்."

"அப்ப?"

"அப்ப என்ன, வெட்டி எடுக்கணும். சனிக்கிழமை மெஷினோட வரேன். அதுக்கப்புறம் செப்டம்பர் முடியற வரைக்கும் நான் ஊர்ல இல்ல."

அவள் சரி என்று தலையாட்டினாள். அவன் போன பிறகும் தலை ஆடிக்கொண்டிருந்ததுபோல இருந்தது. தப்பை ஒத்துக்கொள்வதில் அவளுக்குச் சங்கடம் கிடையாது. தப்பு தன்னுடையதுதானா என்று தெரியாமலேயே ஒத்துக்கொண்டதுதான் உறுத்தியது. நாலு குளிர்காலத்து வேலை கோணலா நேரா என்று சொல்ல அவளுக்கு நெவிலின் ஒரு கண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் புதுக்கதவின் உட்புறத் தோலை உரித்தாள். காரணம் எதுவும் இல்லை. உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். தகரத்துக்குள்ளே மரச்சட்டம். கீல் பக்கத்து மரத்தில் இரும்பால் அடித்துப் பதித்த எண்: 61.

காரின் தூணில், கதவு தொங்கும் இடத்தில், அழுக்கைச் சுரண்டினாள். 38. வலப்பக்கக் கதவைத் திறந்து பார்த்தாள். 38. முன்மூடியின் அடியில் 38. பின்மூடியில் டார்ச்சைப் பற்களில் கடித்துக்கொண்டு தேடினாள். அங்கேயும் 38.

"ரே, ஒரே மாடல் கார் ரெண்டு. இதோட கதவு அதுக்கு ஏன் சேராது?"

"ஏன்?"

"கையால செஞ்சிருக்காங்க. ஒவ்வொரு காருக்கும் அதது ஓட்டைய வெச்சு அதது கதவ இழைச்சிருக்காங்க. மாறிடக் கூடாதுன்னுதான் நம்பர்."

"அப்ப உன் வெல்டிங் சரியா?"

"அது தெரியல. இந்தக் கதவு எந்தக் காருக்கும் சாட்சி சொல்லாது. இல்ல, அறுபத்தொண்ணுக்கு மட்டும் சொல்லும். என் காருக்குச் சொல்லணும்னா முப்பத்தெட்டு வேணும். அதத்தான் நான் சந்துல வெச்சேன்."

ரே உருளைக்கிழங்கைக் குத்தினான். "ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வில்ஃப் ரட்டரோட தோட்டத்துல ஒரு கார் கதவு படுத்துக் கிடக்குது," என்றான். "லீக்குக்கு மேல."

லீக் வெங்காயத்துக்கு அண்ணன் முறை. மற்ற ஊர்களில் அதைச் சமைப்பார்கள். அந்த ஊரில் வளர்ப்பார்கள், தொடை பருமனுக்கு. செப்டம்பரில் ஊர்க் கூடத்தில் போட்டி நடக்கும். அதுவரை எவனும் தன் லீக்கை எவனுக்கும் காட்ட மாட்டான். போட்டிக்கு முந்தைய வாரம் அடுத்தவன் தோட்டத்தில் புகுந்து லீக்குகளைப் பிளேடால் கீறிவிடுகிறவர்களும் உண்டு. வில்ஃப் ரட்டரின் லீக்குகளுக்குப் போன வருடம் அது நடந்திருந்தது. அதிலிருந்து அவர் தோட்டத்திலேயே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அங்கயே நில்லு," என்றார் ஏவ்ரிலைப் பார்த்ததும். "உன் நிழல் பாத்தியில விழுது."

செங்கல் அடுக்கி அதன்மேல் படுக்க வைத்திருந்தது கதவு. வெயில் சுடாமலிருக்கக் கண்ணாடியில் சுண்ணாம்பு பூசியிருந்தார். அதற்கடியில் லீக்குகள் தொட்டிலில் கிடப்பவைபோல வரிசையாக நின்றன.

"வில்ஃப், அது என் கதவு."

"சந்துல கிடந்தது, கண்ணு. உங்கப்பன் என் தள்ளுவண்டிய அப்படித்தான் கொண்டு போனான். நான் கேட்டேனா?"

"திருப்பிக் கேக்கல. ஒரு காலைப் பொழுதுக்குக் குடுங்க."

"போட்டிக்கு மூணு வாரம்கூட இல்ல. இப்பக் கூரையத் தூக்கினா காத்து மாறும். காத்து மாறினா லீக் வெடிக்கும். வெடிச்சத மேசையிலயே ஏத்த மாட்டாங்க."

"பிளேடு போட வரலையே நான்."

"எப்படி நம்பறது? பள்ளிக்கூடத்துல லீக் சூப் வெக்கிறவ நீ. எனக்கு முதல் சந்தேகமே உன் மேலதான்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அனுமதி கேட்காமல் மண்டியிட்டு, கதவின் ஓரத்தில் கீல் இருந்த மரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. மூன்று. எட்டு.

"என்ன பாக்கற?"

சொன்னாள். எண்களை, அடிச்சட்டத்தை, சனிக்கிழமையை. வில்ஃப் புகைக்குழாயை அணைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"அப்ப நெவில் சொன்னது தப்பா?"

"தெரியல. தப்பாவும் இருக்கலாம், சரியாவும் இருக்கலாம்."

"நெவில் தப்பாவும் இருக்கலாமா?" வில்ஃப் எழுந்து நின்றார். "அத நான் பாக்கணுமே. ஆனா ஒண்ணு. இது போற நொடியில இதே அளவுக் கூரை வந்து உக்காரணும். பலகை கிலகை எல்லாம் ஆகாது. கண்ணாடி வேணும்."

இதே அளவில் கண்ணாடி வைத்த கூரை உலகத்திலேயே ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். அது கராஜில் சாய்ந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் அறுபத்தொன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி ரே தள்ள, ஏவ்ரில் பிடித்துக்கொண்டு நடந்தாள். வில்ஃப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிபோல ஆணையிட்டார். மூச்சு விடாத, தூக்கு, இப்ப இல்ல, இப்ப. ஒரு கதவு எழுந்தது, மறு கதவு படுத்தது. அவர் குனிந்து லீக்குகளிடம் ஏதோ சொன்னார். பிறகு, வெளிச்சம் அதிகம் என்று முணுமுணுத்தபடி கண்ணாடிமேல் ஒரு கோணியை விரித்தார்.

"துருவே இல்லாத கதவு," என்றான் ரே. "யார்க்‌ஷர்க்காரர் அதுக்குப் போர்வையெல்லாம் போத்தி வெச்சிருந்தாரு."

"என் லீக்கு அதுக்குத் தகுதியானதுதான்," என்றார் வில்ஃப்.

வில்ஃபும் கூட வர, அவர்கள் வீடு சேர்ந்தபோது நெவில் மெஷினுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். கந்தலாக வந்த கதவைப் பார்த்து ஒன்றும் புரியாமல் விலகி நின்றான். கீழ்ப்பாதியில் தகரம்தான் இல்லையே தவிர மரச்சட்டம் முழுசாக இருந்தது. ரே தூக்கிப் பிடிக்க, ஏவ்ரில் கீலின் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். பழைய துளைகளில் அவை தேடாமலே போய் உட்கார்ந்தன.

கதவை லேசாகத் தள்ளினாள். அறையவில்லை, தோளும் கொடுக்கவில்லை. கனமான ஒரு புத்தகத்தை மூடுவதுபோல ஒரு சத்தம்.

நெவில் குந்தி உட்கார்ந்து இடைவெளியைச் சுற்றிலும் விரலை ஓட்டினான். மேலே சீராக இருந்தது. முன்பக்கம் சீர். கீழே, பின்மூலையில் விரல் நின்றது.

"இந்தா. இங்க வெளிய நிக்குது. வளைஞ்சிருக்குன்னு சொன்னேன் இல்ல?"

ஏவ்ரில் தேயிலைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அந்த இடத்தில் பக்கத்துத் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். ஓர் அட்டைக் கனத்தில் கதவோடு மட்டமானது. இரண்டாவது வெளியே நீட்டியது.

"ஒரு விரல் இல்ல," என்றாள். "ஓர் அட்டை. ஒரு விரல்ல மீதியெல்லாம் அந்தக் கதவோடது. இவ்வளவுதான் என்னது."

"கோணல் கோணல்தானே, ஏவ்ரில்."

"ஆமா. கோணல்தான்." அவள் மறுக்கவில்லை. அட்டைத் துண்டை விரல்களுக்கு நடுவே திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் தன் பிழையை அவள் கையில் பிடித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிட மெல்லியதாக இருந்தது. "கீலுக்கடியில இவ்வளவு கனம் வெச்சா சரியாயிடும். வெட்ட வேண்டாம், நெவில்."

நெவில் இன்னும் ஒருமுறை கதவைத் திறந்தான், மூடினான். அந்தச் சத்தம் அவனுக்கும் பிடித்திருக்க வேண்டும், மறுபடியும் மூடினான். பிறகு மெஷினின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். வில்ஃப் அதைக் கடைசிச் சுற்றுவரை ஆசையாகப் பார்த்துவிட்டு, கோணி காற்றில் பறந்திருக்குமோ என்று சொல்லிக்கொண்டே, கதவைத் திருப்பிக் கேட்காமல் ஓடினார்.

ரே தேநீர் கொண்டு வந்தபோது ஏவ்ரில் காரின் மறுபக்கம் போயிருந்தாள். வலப்பக்கக் கதவின் கீலை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இதையும் கழட்டணும்," என்றாள்.

"எதுக்கு? அதுதான் நல்லா மூடுதே."

"அதனாலதான். எப்படி மூடுதுன்னு பாக்கத்தான்."