கிளட்ச் கால்

எண்ணூர் ரோட்டில் இருபத்தாறு வருஷம் கண்டெய்னர் லாரி ஓட்டினவன் ரகுபதி. செருப்பைப் படியில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் கேபினுக்குள் ஏறுவான். உள்ளே சாமி படம் இருக்கும். செருப்புக் காலோடு ஏறுகிறவனை அந்த லைனில் டிரைவர் என்றே மதிக்க மாட்டார்கள். துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றால் பத்து மணி நேரம் ஆகும். வண்டி நாலடி நகரும், நிற்கும். இடது காலைக் கிளட்சிலிருந்து எடுக்க வழியில்லை.

சித்திரை வெயிலில் அப்படி நின்ற ஒரு நாள், கேபின் தரையும் கிளட்ச் பெடலும் தோசைக்கல்லாகக் காய்ந்துவிட்டன. இவனுக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷத்துச் சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்று முடித்திருந்தது. திருவொற்றியூர் வீட்டில் காலை நீட்டியபோது அவன் மனைவி மங்கம்மாதான் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது.

"இன்னாய்யா இது, வெந்து போய் கீது. உனக்கு வலிக்கலியா?"

வலிக்காததால் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் வண்டி எடுத்தான். மூன்றாவது வாரம் நாற்றம் வந்தது.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர், விரல்கள் நிச்சயம் போகும், மிச்சத்தைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். அந்த மிச்சத்தில்தான் ரகுபதிக்கு உயிரே இருந்தது. முன்பாதம் நின்றால் கிளட்சை மிதிக்கலாம். அதுவும் போனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். பக்கத்துக் கட்டில்காரர் ஒரு யோசனை சொன்னார். உணர்ச்சி இருக்கிற இடத்தில் கத்தி வைக்க மாட்டார்களாம். எங்கே தொட்டாலும் வலிக்கிறது என்று சொல்ல வேண்டுமாம். அந்த ஆளுக்கே ஒரு கால் இல்லை. அது இவன் மண்டையில் ஏறவில்லை.

மயக்க மருந்து டாக்டர் லுப்னா, ஆபரேஷனுக்கு முதல் நாள் வந்து பார்த்தார். ஏற்கெனவே ஒரு முறை அட்டாக் வந்த நெஞ்சு, முழு மயக்கத்தைத் தாங்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதால் முதுகு ஊசியும் ஆகாது. முழங்காலுக்குப் பின்னால் ஊசி போட்டுக் காலை மட்டும் மரக்க வைப்பேன், முழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள் என்றார். பிறகு ஊசி முனையால் அங்கங்கே குத்திப் பார்த்தார். ஆடுசதையில் உண்மையாகவே தெரிந்தது. பாதத்தில் குத்தும்போது அவர் கையைப் பார்த்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான். டாக்டர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் தியேட்டரில் ஊசி போட்டு அரை மணி நேரம் காத்திருந்தார்கள். நடுவில் பச்சைத் துணி மறைத்திருந்தது. பாதத்தில் தெரிகிறதா என்று கேட்டதற்கு வலிக்கிறது என்றான். இன்னொரு ஊசி போட்டார்கள். அதற்கும் வலிக்கிறது என்றான். சீழ் மேலே ஏறுகிறது, இனியும் நிற்க முடியாது, தூங்க வைத்துவிடுங்கள் என்றார் பெரிய டாக்டர்.

லுப்னா அவன் தலைமாட்டில் குனிந்தார்.

"அண்ணே, இதுக்கு மேல ஊசி போட முடியாது. தூங்க வெச்சா எழுப்புவேன்னு என்னால சொல்ல முடியாது. வாசல்ல அக்கா நிக்கிறாங்க. நெஜமா வலிக்குதா?"

ரகுபதி மேலே இருந்த பெரிய விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா. நேத்தும் வலிக்கல. ரெண்டு வருசமா அந்தப் பாதத்துல ஒண்ணுமே தெர்ல."

அவர் திட்டவில்லை. நேற்று உணர்ச்சி இருந்த ஆடுசதையில் குத்திப் பார்த்தார். இப்போது அங்கேயும் ஒன்றுமில்லை. மருந்து எப்போதோ பிடித்திருந்தது. ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தார்.

துணிக்கு அந்தப் பக்கம் எலும்பு அறுபடும் சத்தம் கேட்டது. நாற்றம் முகமூடியைத் தாண்டி வந்தது. இன்னும் மேலே போகணும் என்று யாரோ சொன்னார்கள்.

"எதுவரிக்கும்மா?"

"பாதிப் பாதம் போகுதுண்ணே."

"கிளட்ச் மிதிக்க முடியுமா?"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். லுப்னா அப்படிச் சொல்லவில்லை.

"முடியாதுண்ணே."

இதயத்துடிப்பு காட்டும் மெஷின் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. பக்கெட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அப்போதும் அவனுக்கு வலிக்கவில்லை.