பாடு மீறிய வலை

இன்றைக்கும் யாராவது மைக்கைப் பிடித்து 'மீனவர் முன்னேற்றம்' என்று பேசினால் எனக்கு வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? எங்களை முன்னேற்றியவர்கள் வந்துபோன பிறகு நாங்கள் பட்டது எங்களுக்குத்தானே தெரியும்.

பழவேற்காடு ஏரியில் இறால் விழுகிற இடம் கொஞ்சம்தான். அதனால் எங்கள் ஊரில் முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு இன்னின்ன வீட்டார் அங்கே கழி ஊன்றி வலை கட்டலாம், நாளைக்கு வேறு வீட்டார். இதற்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாத நாளில் எவ்வளவு இறால் ஓடினாலும் ஆண்கள் வீட்டில் கிழிசல் வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பசிக்கும்தான். ஆனாலும் அடுத்தவன் நாளில் கை வைக்கிற பேமானி எவனும் அப்போது ஊரில் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ஓர் அதிகாரி அரசாங்க வலையோடு வந்தார். வெளிநாட்டில் இறாலுக்கு ஏகக் கிராக்கியாம். நைலான் வலை, கண் கொசுவலை மாதிரி இருந்தது. பாதி நாள் சோம்பேறியாக ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள், தினமும் இழுங்கள் என்றார். சோம்பேறியாம்! அடுத்தவனுக்கும் கிடைக்கட்டும் என்று உட்கார்ந்தவர்களைப் பார்த்து அந்தப் பேச்சு. நாங்களும் நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முதலில் நாலைந்து பேர் வாங்கினார்கள். பாடு பார்க்காமல் தினமும் இழுத்தார்கள். ஊர்க்கூட்டத்தில் கேட்டதற்கு, பாடெல்லாம் கட்டுகிற வலைக்குத்தான், இழுக்கிற வலைக்கு யார் வைத்தது என்று வாய் கூசாமல் சொன்னார்கள். குஞ்சு இறாலும் அதில் வாரிக்கொண்டு வந்தது. ஐஸ் பெட்டி வியாபாரி பெரியதைப் பொறுக்கிக்கொண்டு குஞ்சைக் கரையில் கொட்டச் சொன்னார். அந்த நாற்றம் குடலைப் பிடுங்கும்.

எங்கள் பாடு வந்தது. என் வீட்டுக்காரர் போய்ப் பாசியோடு திரும்பினார். அடுத்த பாட்டுக்கும் பாசிதான். பிள்ளைகளின் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பொடி இறால்கூட இல்லை. தெருவில் நின்று அந்த நாலைந்து பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். மறுநாள் என் வீட்டுக்காரர் போய் அதே வலையை வாங்கி வந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேறு என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டார்.

விடிந்ததும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மனசு கேட்காமல் நானும் பின்னால் போனேன். அன்றைக்குப் பாடு அவருடைய தங்கை வீட்டுக்கு. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த பெண். அவள் வீட்டில் அடுப்பு எரிவதும் பாடு நாளை நம்பித்தான். கழிகளோடு புருஷன் பக்கத்தில் கரையில் நின்றிருந்தவள், அண்ணன் தோளில் கிடந்த வலையைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது? இன்னிக்கி எங்க பாடுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படகைத் தள்ளினார்.