வாய் மூடிய சட்டைப்பை

எங்கள் தெருத் தையல்காரருக்குக் கல்லீரல் நோய். மலம் இளகிப் போகத் தினமும் சிரப் குடிக்க வேண்டும். ஒருநாள் சட்டைப்பையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டார். தையல் மெஷினையே விற்க வேண்டி வருமோ என்று பயந்த மனைவி, சட்டையும் கையுமாக அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

டாக்டர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிரப்பை நிறுத்திட்டீங்களா?"

"கடையில கக்கூஸ் இல்லைங்களே!"

"மலத்தோட போகாம வயித்துல தங்குற நஞ்சு தலைக்கு ஏறி மூளையைக் குழப்புது. கடை எப்ப திறப்பீங்க?"

"பத்து மணிக்கு."

"அப்போ விடிஞ்சதும் ஒரு வேளை, கடை மூடினதும் ஒரு வேளை குடிங்க."

"மூளை கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்" என்றார் தையல்காரர்.

"இருந்தாத்தானே கெடும்!" என்றாள் மனைவி.

அடுத்த வாரம் அந்தப் பையை அவரே பிரித்து, கோணாமல் தைத்தார். மெஷின் தப்பித்தது.