எங்கள் காரைக் கேட்டு வந்தவர்கள்

பழைய கார் பாகங்களைப் புதுப்பித்து விற்கிறவனுக்குச் சொந்தமாகக் கார் இருக்காது. இருந்தால் அவனுக்கு வியாபாரம் ஓடவில்லை என்று அர்த்தம். தையல் கடை வைத்திருக்கும் அன்பர்களே, நீங்கள் போட்டிருக்கும் சட்டையில் எல்லாப் பொத்தானும் இருக்கிறதா? ஓட்டல் நடத்துகிறவர்களே, கடைசியாக எப்போது சூடாகச் சாப்பிட்டீர்கள்? உங்களுக்கு என் கதை விளக்கமே இல்லாமல் புரியும். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

தேனி அல்லிநகரத்தில் எங்களுக்கு ஒரு தகர ஷெட். அதில் நானும் என் மனைவி பாண்டீஸ்வரியும். இரும்பு, பித்தளை, முலாம் எல்லாம் என் பொறுப்பு. சீட்டு, கூரைத் துணி, கதவின் உள்பக்கம் எல்லாம் ஈஸ்வரியின் தையல் மிஷின் பொறுப்பு. ஷெட்டின் நடுவில் கருங்கல் மேல் ஒரு வெள்ளை அம்பாசடர் நிற்கிறது. அது எங்களுடையது. இந்தத் துணுக்குகள் எல்லாமே அதிலிருந்து கழன்று வந்தவைதான்.

அடைக்கோழி

கல்யாணத்தன்று மார்க்கையன்கோட்டையிலிருந்து எங்களை அல்லிநகரத்துக்கு ஏற்றிவந்தது ஒரு வாடகை அம்பாசடர். பின்சீட்டில் எங்களோடு என் அத்தைமார், ஒரு குத்துவிளக்கு, ஒரு பலகாரக் கூடை. ஈஸ்வரியின் மடியில் யார் வீட்டுப் பிள்ளையோ ஒன்று. வழி நெடுக நெல்வயல், தென்னை, வாய்க்கால். அவள் பார்த்ததெல்லாம் என் பெரிய அத்தையின் முதுகை மட்டும்தான். அன்றிலிருந்து அவளுக்கு ஓர் ஆசை. அதே ரோட்டில், அதே மாதிரி வண்டியில், பின்சீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவள் ஊருக்கு ஒருமுறை போக வேண்டும். நானும் பின்னால் உட்கார்ந்தால் வண்டியை யார் ஓட்டுவது என்று கேட்டேன். அது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல அந்த ஆசை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

நான் அப்போது ஒரு ஜீப் பட்டறையில் மெக்கானிக். உத்தமபாளையம் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் அம்பாசடர் ஒன்று வருஷக்கணக்காக நிற்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். டயர்கள் பாதி மண்ணுக்குள். பின்சீட்டு கிழிந்து பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஈஸ்வரிக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. விலை பேசி முடித்து, இழுத்துப்போக டிராக்டரும் கூட்டிவந்து, கயிற்றைக் கட்டப்போன நேரத்தில் வீட்டுக்கார அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார். "பின்சீட்டுல கோழி அடைக்கு உக்காந்திருக்கு. குஞ்சு பொரிச்சு அது எறங்கட்டும், அப்பறமா வந்து வண்டிய எடுத்துக்கங்க."

நாலு கைப்பிடி

கோழி இறங்கியது, வண்டி வந்தது. முழுவதும் பிரித்து, ஒவ்வொரு பாகமாகச் சரிசெய்து, திரும்பக் கோத்துவிடுவது என்று திட்டம். முதலில் கதவுக் கைப்பிடிகளை எடுத்தேன். துருவைச் சுரண்டி, பள்ளத்தை நிரவி, பஃபிங் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றி, மதுரைக்குக் கொண்டுபோய்க் குரோமிய முலாம் பூசி வந்து ஷெட்டில் ஆணியில் மாட்டினேன். ஈஸ்வரி அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

போடியிலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரி தன் ஜீப் விஷயமாக என்னைத் தேடி வந்தார். அவர் வீட்டிலும் அப்பா காலத்து அம்பாசடர் ஒன்று உண்டாம். ஒரு கைப்பிடி உடைந்துபோய், கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறாராம். ஆணியில் தொங்கியதைப் பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கிடைக்குமா என்றார். முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் ஈஸ்வரி முந்திக்கொண்டாள். பாவம், கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார், கொடுத்துவிடுங்கள், நமக்கு இன்னொன்று கிடைக்காமலா போகும் என்றாள். கொடுத்தேன். மறுவாரமே மனுஷர் திரும்ப வந்து நின்றார். முலாம் உரிந்துவிட்டதோ என்று முதலில் அவர் கையைத்தான் பார்த்தேன். விஷயம் அதுவல்ல. "ஒண்ணு மட்டும் பளபளன்னு மினுங்குது, மத்த மூணும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்குக. அந்த மூணையும் குடுத்துருங்கண்ணே."

ஹாரன்

அந்த நாலு கைப்பிடியில்தான் எங்கள் வியாபாரம் பிறந்தது. கம்பம், போடி, பெரியகுளம் என்று பேர் பரவியது. பட்டறை வேலையை விட்டேன். ஈஸ்வரிக்கு ரெக்சின் தைக்கிற பெரிய மிஷின் வந்தது. காயலான்கடைகளில் தேடிப் பழைய பாகங்களை வாங்கிப் போட்டோம்தான். ஆனால் அதைச் சீர்செய்ய நாளாகும். வருகிறவருக்கோ உடனே வேண்டும். எங்கள் வண்டிக்கென்று சீர்செய்து வைத்தது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பிறகென்ன, திருப்புளியை எடுக்க வேண்டியதுதான். கழற்றும்போது வேண்டுமென்றே மெதுவாகத் திருகுவேன். நமக்கு இன்னொன்று கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

குமுளியிலிருந்து ஒரு மலையாளத்துக்காரர் வந்தார். அம்பாசடர் ஹாரன் வேண்டும் என்றார். அவரிடம் இருந்ததோ நேற்று வந்த சின்னக் கார். அலமாரியில் இருந்த ஹாரன்களை ஒவ்வொன்றாகப் பேட்டரியில் தொட்டு அடித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டி ஒதுக்கினார். கடைசியில் எங்கள் வண்டியின் ஹாரனை அடித்தேன். கொஞ்சம் தொண்டை கட்டின குரல் அதற்கு. அதைக் கேட்டதும் கண்ணைத் திறந்தார். அவருடைய அப்பா எஸ்டேட் முதலாளியின் அம்பாசடருக்கு டிரைவராம். வீட்டுக்குக் கீழே வளைவில் வரும்போதே ஹாரன் அடிப்பாராம். அம்மா அந்தச் சத்தம் கேட்டு அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பாராம். அப்பா போய்ச் சேர்ந்தபின் அம்மா யார் வந்தாலும் எழுந்திருப்பதில்லையாம். இதைக் கேட்டபிறகு ஹாரனைக் கொடுக்காமல் இருக்க நாங்கள் என்ன கல்லா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அழைத்தார். "சேட்டா, வளைவுல ஹாரன் அடிச்சு. நான் மேல ஏறிப் போறதுக்குள்ள அம்ம சாயாவுக்கு வெள்ளம் வச்சாச்சு."

கண்டக்டர்

முலாம் பூச மதுரைக்குப் போய்வருவது பஸ்ஸில்தான். போகும்போது துருப்பிடித்த சாமானுக்கு லக்கேஜ் போட்ட அதே கண்டக்டர், வரும்போது அது மின்னுவதைப் பார்ப்பார். ஒரு நடை பம்பர், ஒரு நடை வீல் கப், ஒரு நடை கண்ணாடிச் சட்டம். நான் சொந்தக் காரைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார். மற்ற பயணிகளிடம் என்னைக் காட்டிப் பெருமை பேசுவார், கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு இடம் கொடுப்பதுபோல் எனக்கும் என் சாமானுக்கும் முன்சீட்டை ஒழித்துக் கொடுப்பார்.

ஒருநாள் என் மடியில் இருந்தது முன்பக்கக் கிரில். அதைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குப் பேசி முடித்தாயிற்று; தேனியில் இறங்கியதும் நேராகக் கூரியர் ஆபீசுக்குப் போக வேண்டும். இதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மனம் வரவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "இதே வேகத்துல சேத்தீகன்னா, வர்ற தீவாளிக்கு நம்ம பஸ்ஸ ஓவர்டேக் பண்ணிப் போயிருவீக."

அந்தக் காலத்துப் புதுசு

ஈஸ்வரியின் தங்கை செல்போனில் ஒரு வீடியோ எடுத்துப் போட்டாள். துரு ஏறிய விளக்கு வளையம் ஒன்று ஒரு நிமிஷத்தில் பளபளப்பாவதுபோல அதில் வரும். உண்மையில் அதற்கு என் முதுகெலும்பு தேய்ந்த கதை அதில் வராது. அதற்குப்பின் சென்னை, கொச்சி, பெங்களூர் என்று போன் ஓயவில்லை. பக்கத்து இடத்தையும் சேர்த்து ஷெட்டை நீட்டினோம். வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். ஷெட் பெரிதாகப் பெரிதாக நடுவில் நின்ற வண்டி சிறுத்துக்கொண்டே வந்தது. கதவுகள் போயின, பானட் போனது, சக்கரம்கூடப் போய்க் கருங்கல் வந்தது.

சென்னையிலிருந்து ஒரு சார் டேஷ்போர்டு கேட்டார். ஸ்பீடாமீட்டர், முள், சாவித் துவாரம் எல்லாம் சேர்ந்து முழுசாக வேண்டும். எங்களுடையதைப் படம் எடுத்து அனுப்பினேன். ரொம்பப் புதுசாக இருக்கிறது என்று குறைப்பட்டார். சரி, பாலிஷ் போடாத இன்னொன்றை அனுப்பினேன். ரொம்பப் பழசாக இருக்கிறதாம். அப்படியென்றால் எப்படித்தான் வேண்டும் என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே கேட்டுவிட்டேன். மனுஷர் கோபப்படவில்லை. சற்று யோசித்துவிட்டு, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "இப்ப புதுசா இருக்கிற மாதிரி வேண்டாங்க. எங்கப்பா வாங்கிட்டு வந்த அன்னிக்கு எப்படிப் புதுசா இருந்துதோ, அப்படிப் புதுசா வேணும்."

பின்சீட்டு

அவர் சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அன்று சாயங்காலம், நாங்களும் எங்கள் கல்யாண நாளிலிருந்து அதே சாமானைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த டேஷ்போர்டும் போனபிறகு எங்கள் வண்டியில் மிச்சம் இருந்தது வெறும் தகரக் கூடும் பின்சீட்டும்தான். கோழி உட்கார்ந்த பழைய சீட்டை ஈஸ்வரி அடியோடு பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, தேங்காய் நார் அடைத்து, கரும்பச்சை ரெக்சினில் வெள்ளை ஓரம் வைத்துத் தைத்திருந்தாள். வெளி ஆர்டர்களுக்கு நடுவே ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வேலை நடந்தது. ஆட்கள் வீட்டுக்குப் போனபின் இரண்டு பேரும் டீ கிளாசோடு அதில் ஏறி உட்காருவோம். கதவு இல்லை, கண்ணாடி இல்லை. மேற்கே மலை தெரியும், காற்று தாராளமாக வரும். வண்டி நகரவில்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் ஈஸ்வரி எப்போதும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருவாள். நானும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்துகொள்வேன்.

அனுமந்தன்பட்டியிலிருந்து சீனிச்சாமி அண்ணன் வந்தது அப்படி ஒரு சாயங்காலம்தான். டாக்சி ஸ்டாண்டில் காலமெல்லாம் அம்பாசடர் ஓட்டியவர். ஜனங்களுக்கு இப்போது கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார்தான் வேண்டுமாம். அதனால் தன் வண்டியை அலங்காரம் செய்து வாடகைக்கு விடுகிறார். பின்சீட்டைப் பார்த்ததும் கையால் அழுத்தி, ஓரத்தைத் தடவி, பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார இதைவிட்டால் வேறு இல்லை என்றார். வெள்ளிக்கிழமை கல்யாணமாம். நான் பழக்கதோஷத்தில் ஸ்பேனரைத் தேடினேன். கொடுங்கள் என்ற குரல் ஈஸ்வரியிடமிருந்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இது கொடுப்பதற்கில்லை, இதேபோல் வேறு ஒன்று வியாழக்கிழமைக்குள் தைத்துத் தருகிறேன் என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. புதுசாகத் தைப்பதை எங்களுக்கு வைத்துக்கொண்டு இதைக் கொடுத்தால் என்ன என்றார். நியாயமான கேள்விதான். 

"வண்டியே இல்லாம இந்தச் சீட்ட மட்டும் வச்சுக்கிட்டு என்னம்மா செய்வீக?" என்றார்.

"உக்காந்திருப்போம்ண்ணே," என்றாள் ஈஸ்வரி.

 பிறகு அவளாகவே மார்க்கையன்கோட்டை ரோடு, என் அத்தையின் முதுகு, மடியில் இருந்த பிள்ளை எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குக்கூட இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. கல்யாணம் கல்யாணமாக எத்தனையோ பெண்களை இடித்து நெருக்கி ஏற்றிக்கொண்டு போன மனுஷர் அவர். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். சொன்னபடி வியாழக்கிழமை அவருக்குச் சீட்டு தயாரானது. அதே கரும்பச்சை, அதே வெள்ளை ஓரம். தன் வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டு, புறப்படுமுன் எங்கள் கூட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். டிரைவர் இருக்கை இருந்த வெறும் இடத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றார். "வண்டிய எடுக்கிற அன்னைக்கு ஒரு போன் போடுங்க தாயி. நீங்க ரெண்டு பேரும் பின்னால உக்காருங்க, ஓட்ட நான் வாரேன்."

ஆக, எங்கள் சொந்தக் காருக்குப் பின்சீட்டு தயார், டிரைவர் தயார், போக வேண்டிய ஊரும் தயார். நடுவில் வண்டி ஒன்றுதான் பாக்கி.